மூன்றாம் பாடத்தைத் தாண்டாதவன்

என் மனைவி கையை உயர்த்தினாள். சங்க அலுவலக மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஒன்பது வருடம் அங்கே மார்க்சியம் நடத்தியவன் நான், அச்சகத் தொழிலாளி. எல்லோருக்கும் நான் 'வாத்தியார்'. அந்த ஒன்பது வருடமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பட்டன் தைத்தவள், ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்று கேட்கப்போகிறாள், என்னிடம் அல்ல, ரெடிமேட் கம்பெனியில் காலர் தைக்கும் அந்தம்மாவிடம்.

புதிதாக ஒருவர் வந்தால் மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்குவது என் வழக்கம். நூற்பாலை, முதலாளி, கூலி, உபரி. யாராவது வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆகவே மூன்றாம் பாடத்தை யாருமே தாண்டவில்லை. மீதியை நான் மட்டும் வீட்டில் படித்து வைத்திருந்தேன், நாய் பெற்ற தெங்கம்பழமாக. எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் செயலாளர் அந்தம்மாவை நடத்தச் சொன்னார். அதோடு என் கதை முடிந்தது. "ஆலையே இல்லாத நாட்டுல இந்தத் தத்துவம் என்ன பண்ணுச்சு, சொல்லுங்க பாப்போம்?" என்றுதான் ஆரம்பமாம். விவசாயிகள் நிறைந்த நாட்டில் அது வயலில் இறங்கியது, அடிமைப்பட்ட நாட்டில் வெள்ளைக்கார எஜமானனையும் உள்ளூர் முதலாளியையும் ஒன்றாக நிறுத்திக் கேட்டது, வசதியான நாட்டில் தொழிலாளி ஏன் சும்மா இருக்கிறான் என்று பள்ளிக்கூடத்திலும் பத்திரிகையிலும் தேடியது. "பேட்டர்ன் ஒண்ணுதான் தோழர், உடம்புக்கு உடம்பு வெட்டு மாறும்." அடுத்த வாரம் பெஞ்ச் போதவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது, மறைப்பானேன்.

"எல்லா நாட்டுலயும் வேலைக்குப் போறவனப் பத்தியே பேசறாங்க," என்றாள் என் மனைவி. "அவனுக்கு ஆக்கிப் போட்டு, துவைச்சுப் போட்டு, மறுநாள் வேலைக்கு அனுப்பறாளே, அது எந்தக் கணக்குல வருது?"

அந்தம்மா சிரித்தது. "எனக்குச் சரியாத் தெரியல தோழர். படிச்சிட்டு அடுத்த வாரம் சொல்றேன். வீட்லயே வாத்தியார் இருக்காரே, அவரக் கேளுங்க." எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டுவிட்டாள். பதில் எனக்குத் தெரியும். ஏழாம் பாடம். எத்தனையோ நாட்டுப் பெண்கள் இதே கேள்வியைக் கேட்டுப் பெரிய சண்டையே போட்டிருக்கிறார்கள், புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அந்தம்மாவிடம் கேட்ட கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

"அதெல்லாம் எந்தப் பாடத்துலயும் இல்ல," என்றேன்.

"இல்லியா? எந்த நாட்டுலயுமா?"

"இல்ல."

முகம் வாடும் என்று நினைத்தேன். அவளுக்குக் கண்ணெல்லாம் மின்னியது.

"அப்ப நான்தான் மொதல்ல கேட்டனாங்க?"

நான் வாயைத் திறக்குமுன் அடுப்படிக்குப் போய் உலை வைத்துவிட்டு, மகளின் பழைய நோட்டோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். தன் கேள்வியை நிறுத்தி நிறுத்தி எழுதினாள். இரண்டு முறை அடித்தாள். அடியில் தன் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே கோடு ஒன்றும் இழுத்தாள். பிறகு நோட்டையும் பேனாவையும் என் பக்கம் நீட்டினாள்.

"அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் படிக்கணும். தப்பிருந்தா திருத்திக் குடுங்க."