கிருஷ்ணாயில் பழி

எங்கள் வீட்டு வண்டியில் அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலில் எரிந்தது 2006 மாசி மாதம். ஸ்டியரிங்குக்குப் பின்னால், என்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு. அது எரிந்தால் வண்டி இழுக்காது. எவ்வளவு மிதித்தாலும் நாற்பதைத் தாண்டாது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத டீசல் வண்டி. மூன்று தலைமுறையாக மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் வீட்டின் வண்டி கடைத்தெருவில் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்து, டீக்கடையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"இன்னா மொதலாளி, மாட்டு வண்டியே தேவலாம் போலிருக்குதே!"

அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஓட்டுநர் கண்ணாயிரம் எக்கியார்குப்பத்துக்காரன். பதினெட்டு வருடமாக எங்களிடம் இருந்தவன். அவன்தான் வண்டியைத் திண்டிவனம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனான். டீசல் பில்டரை மாற்றி, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார்கள். விளக்கு அணைந்தது. நான்காம் நாள் மறுபடி எரிந்தது. இப்படியே மூன்று முறை. மூன்றாம் முறை மெக்கானிக், "டீசல்ல கலப்படம் இருந்தாக்கூட இப்படி ஆவும்" என்று சொல்லியனுப்பினான்.

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாயிருந்தது. கண்ணாயிரத்தின் தங்கை புருஷன் தங்கராசு அனுமந்தையில் படகு வைத்திருக்கிறான். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தில் வந்த ஃபைபர் படகு, கிருஷ்ணாயிலில் ஓடுவது. அன்று கண்ணாயிரம் சாவியைக் கொடுத்தபோது அவன் கையிலும் கிருஷ்ணாயில் வாடை. கையில் ஒட்டிய கிரீஸை எல்லா ஓட்டுநர்களும் கிருஷ்ணாயிலில்தான் கழுவுவார்கள். அது எனக்கு அப்போதும் தெரியும்.

உப்பு வாரிக்கொண்டிருந்த நாற்பது பேர் முன்னால், பாத்தி வரப்பில் நின்று கேட்டேன்.

"டேய் கண்ணாயிரம், டீசலை உருவிட்டு உன் மச்சான் படகு கிருஷ்ணாயிலை ஊத்துறியா?"

"ஐயா, எம் புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க."

"சத்தியம் பண்ணா டேங்க் சுத்தமாயிடுமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.  கண்ணாயிரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மறுநாளே ரோட்டில் அவன் போவதைப் பார்த்து உப்பு சுமக்கும் பெண்கள், "கிருஷ்ணாயிலு போறாரு பாரு" என்று பேசியது என் காதில் விழுந்தது. மனசுக்குள் நான் சந்தோஷப்பட்டேன். எழுபத்தொரு வயதில் அப்படிச் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதாமல் விட்டால் இதை எழுதியே பயனில்லை.

அதன் பிறகு கண்ணாயிரம் வேலைக்கு வரவில்லை. என் மகன் மணிவண்ணன் வண்டியை ஓட்டினான். டீசல் போடும்போது நானே பங்க்கில் இறங்கி நின்று பார்த்தேன். நான்காம் நாள், பெருமுக்கல் தாண்டும்போது, விளக்கு எரிந்தது. வண்டி திணறியது.

மணிவண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"இப்ப யாருப்பா ஊத்துனது?"



அடுத்த நாள் பாண்டிக்குப் போனோம். அங்கே ரெக்ஸ் என்ற மெக்கானிக், கம்ப்யூட்டர் வைத்து வண்டி பார்ப்பவர். ஸ்டியரிங்குக்கு அடியில் ஓர் ஒயரைச் செருகிப் பார்த்துவிட்டு, "டீசல்ல ஒண்ணும் இல்லீங்க. காத்து அளக்குற சென்சார் விட்டு விட்டு வேலை செய்யுது" என்றார். பானெட்டைத் திறந்தார்.

"இது இன்னாங்க?"

"அதைத் தொடாதீங்க" என்றேன். "முதல் உப்பு."

பாத்தியில் அந்த வருடம் முதலில் வாரும் உப்பை மஞ்சள் துணியில் முடிந்து வண்டியில் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். என் அப்பா மாட்டு வண்டியின் நுகத்தடியில் கட்டினார். நான் லாரியில் கட்டினேன். இந்த வண்டிக்கு பானெட்டுக்குள்ளே, ஏர் பில்டருக்கு மேலே போகும் குழாயில் கட்டியிருந்தேன். விளக்கு எரிந்தபோதெல்லாம் திருஷ்டி என்று நினைத்து, வெள்ளிக்கிழமை பழையதை அவிழ்த்துவிட்டு இன்னும் பெரிய மூட்டையாகக் கட்டினேன்.

ரெக்ஸ் மூட்டையின் அடியில் விரலை வைத்தார். விரல் நனைந்தது. கீழே இருந்த சென்சாரின் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். உள்ளே பித்தளை முழுக்கப் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது.

"கடக்காத்து ஈரத்தை இழுத்து உப்பு அழுவுது. சொட்டு சொட்டா நேரா இதுக்குள்ள எறங்குது. நல்லா ஊறுகா போட்டு வச்சிருக்கீங்க ஐயா!"

"திண்டிவனத்துல மூணு தடவை பாத்தாங்களே, இது கண்ணுல படலியா?" என்றேன்.

மணிவண்ணன்தான் சொன்னான். "ஒர்க்‌ஷாப்புக்குப் போனா கண்ணாயிரம் அண்ணன் மொதல்ல அதை அவுத்துடும்பா. மெக்கானிக்குங்க கறுப்புக் கை படக்கூடாதுன்னு. வேலை முடியிற வரைக்கும் துண்டுல சுத்தி மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும்."

ஒருமுறை கண்ணாயிரம் என்னிடம், "ஐயா, மூட்டை தண்ணி விடுதுங்க, கொஞ்சம் தள்ளிக் கட்டலாமா?" என்று கேட்டிருந்தான். எங்கள் வீட்டு வழக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நீ யார் என்று அவன் வாயை அடைத்திருந்தேன்.

மூட்டையை நானே அவிழ்த்தேன். ரெக்ஸ் புது பிளக் போட்டார். விளக்கு அணைந்தது. பத்து நாளாகியும் எரியவில்லை.

வேலைக்கு வரச்சொல்லி மணிவண்ணனை அனுப்பினேன். கண்ணாயிரம் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டு நானே எக்கியார்குப்பம் போனேன். அவன் மனைவி மங்கம்மா, "வாங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள். கண்ணாயிரம் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு எதிரே நின்றான்.

"வண்டியில கோளாறு வேறயாம். நீ வேலைக்கு வா" என்றேன்.

"வர்றேனா வரலியான்றது இருக்கட்டும் ஐயா. நீங்க என்னைய மட்டும் சொல்லலியே. மச்சானையும் சேத்து சொல்லிட்டீங்க. படகுக்கு மானியத்துல வர்ற கிருஷ்ணாயிலை வெளியில குடுத்தவன்னு அவங்க மீனவர் சங்கத்துல மச்சானைக் கூப்ட்டு விசாரிச்சுட்டாங்க. தங்கச்சி எங்க வூட்டு வாசப்படி மிதிக்கிறதில்ல." அவன் குரல் இறங்கியது. "வர்ற ஞாயித்துக்கெழம அவ புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், எம் மடியிலதான் புள்ள உக்காரணும். எனக்குச் சேதியே வரல."

"நான் இன்னா செய்யணும்?"

"அனுமந்தைக்கு வந்து சொல்லுங்க. நாலு பேரு கேக்குற மாதிரி."

எங்கள் வீட்டார் யாரும் அடுத்த ஊரில் போய்த் தலைகுனிந்ததில்லை. ஆனாலும் கண்ணாயிரத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்; மணிவண்ணன் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன்.

தங்கராசு வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். கண்ணாயிரத்தின் தங்கை சாமுண்டீஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நிமிர்ந்து நின்று, தயார் செய்ததைச் சொன்னேன்.

"ஒரு தப்பு நடந்து போச்சு."

"அதான் எங்களுக்கே தெரியுமே" என்றாள் சாமுண்டீஸ்வரி. "யாரு பண்ணதுன்னு சொல்லுங்க."

ஓட்டுக்கூரையின் நிழலில் உட்கார்ந்திருந்த கிழவி, தங்கராசின் தாய், "யாருடி இவரு?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எங்கே போனாலும் அப்பா பெயரைச் சேர்த்துத்தான் என் பெயரைச் சொல்வேன். வாய் அந்தப் பழக்கத்திலேயே திறந்துகொண்டது.

"மரக்காணம் உப்பளம் நாராயணசாமி மகன் சுப்ராயன். கண்ணாயிரமும் தங்கராசும் ஒரு தப்பும் பண்ணல. நான்தான் பொய்யா பழி போட்டேன்."

"இன்னாது? காதுல வுழல. சத்தமா சொல்லு சாமி."

மறுபடி சொன்னேன். அப்பா பெயரிலிருந்து ஆரம்பித்து, சத்தமாக. எதிர் வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

சாமுண்டீஸ்வரி என்னைத் தாண்டி, பின்னால் நின்ற கண்ணாயிரத்தைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம காலையிலயே வந்துடுண்ணே. அண்ணியையும் இட்டுனு வா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தங்கராசு கண்ணாயிரத்தின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனான்.

நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.