ஒரே டிஸ்க்கில் பதினான்கு பதிவுகள்

"மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. சர்வர் சோதனை செய்யும்போது தொல்லையாக இருக்கிறதென்று ஃபென்சிங்கை அணைத்து வைத்தேன். திரும்பப் போடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். நாளை வகுப்பில் முதல் வேலை அதைப் போடுவது."

எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடும் போட்ட பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது. தினமும் அப்படித்தான். பகலில் கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் சர்வர் வகுப்பு, படுக்குமுன் டைரி. செய்தது, தவறியது, நாளைக்குச் செய்ய வேண்டியது என்று மூன்றையும் எழுதியாக வேண்டும். வகுப்பிலும் மேடம் வாயைத் திறந்தால் போதும், இவள் பேனா ஓட ஆரம்பித்துவிடும். "மேடம் தும்மினாக்கூட நேரம் போட்டு எழுதிடும் இது" என்று கிண்டல் செய்து, பெயரையே விட்டுவிட்டு எல்லாரும் அவளை 'நோட்டு' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இவ்வளவு எழுதியும் மறதி வருகிறதே, நமக்கு இந்தப் படிப்பெல்லாம் ஒத்துவருமா என்ற சந்தேகம் மட்டும் அவளை விட்டுப் போனதில்லை.

வகுப்பில் இருவர் இருவராகச் சேர்ந்துதான் வேலை. அவளுக்குச் சோடியாக வந்தவர் ஐம்பது வயது பஸ் டிரைவர். டெப்போவில் வண்டி நேரங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு ஆபீசில் நாற்காலி கிடைக்கும் என்று பேச்சு. மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் ஒழுங்கான நேரத்துக்கு வீடு திரும்பும் வேலை அவருக்குத் தேவைப்பட்டது. ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடே வந்து உட்காருவார். ஒரு விரலால்தான் தட்டுவார். ஆனால் அவர் சொல்லித்தான் அவளுக்கே சில விஷயங்கள் புரிந்தன.

கிளவுடில் அவர்களுக்கு இரண்டு சர்வர்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க். ஒரு சர்வர் விழுந்தால், அடுத்தது அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. அதற்காக இரண்டும் நொடிக்கொரு தரம் ஒன்றுக்கொன்று 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால் மற்றது செத்துவிட்டது என்று அர்த்தம்.

"நெசமாவே செத்துச்சா, இல்ல நடுவுல லைன்தான் கட்டாச்சான்னு எப்படித் தெரியும்?" என்று, மேடம் இதை விளக்கிய அன்றைக்குக் கேட்டவர் டிரைவர்தான்.

"தெரியாது. அதனாலதான் ஃபென்சிங்" என்றார் மேடம். "டிஸ்க்க தொடுறதுக்கு முன்னாடி, மத்த சர்வர வலுக்கட்டாயமா நிறுத்திடணும்."

"ஓ, வண்டி ஒண்ணு, டிரைவர் ரெண்டு. இவன் எறங்காம அவன் ஏறக்கூடாது. எறங்கலன்னா சட்டையப் பிடிச்சு எறக்கிட்டுத்தான் ஏறணும். அப்படித்தானே?"

நோட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு அவர் வகுப்புக்கு வந்தபோது முகமே சரியாயில்லை. மனைவியின் தொண்டையில் இருந்த கட்டிக்காகக் குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை. குரல் மட்டும் திரும்பாது.

அதற்கப்புறம் அவர் வீட்டில் ஃபோனை நீட்டி நீட்டி மனைவி பேசுவதைப் பதிவு செய்தார். பாட்டு, அறிவுரை என்று எதுவுமில்லை. 'பாலை அடுப்புல வெச்சிருக்கேன், பாத்துக்குங்க' என்று சமையலறையிலிருந்து கத்துவது. 'எங்க இருக்கீங்க? இன்னுமா?' என்று ஃபோனில் கேட்பது. மாமியாரைப் பற்றி ஆறு நிமிடம். மொத்தம் பதினான்கு. அதில் முதலாவது, விடியற்காலையில் அவரை எழுப்புவது. "மத்ததெல்லாம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. இது வேணும்மா. இருபத்தேழு வருஷமா நான் அலாரம் வெச்சதே இல்ல" என்றார்.

ஃபோனில் இடமில்லை என்று அவர் திணறியபோது யோசனை சொன்னவள் அவள்தான். எப்படியும் சோதனைக்கு ஏதாவது ஒலிப்பதிவு வேண்டும். ஒரு சர்வரை நிறுத்தினாலும் பேச்சு நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே. இதையே ஏற்றிவிடலாம்.

"ஏத்தியாச்சுன்னா ஃபோன்ல அழிச்சுடலாமா?"

"தாராளமா அழிங்க சார். அங்கதான் ரெண்டு சர்வர் இருக்கே."

சின்னத் தவறுகளையெல்லாம் தேதி போட்டு எழுதுகிறவள் இந்தப் பெரிய தவறை எழுதவேயில்லை. தவறென்றே தெரியவில்லை. சர்வர்தான் இரண்டு, டிஸ்க் ஒன்றுதானே என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

புதன்கிழமை, டயர் கடைக்கு மேலிருந்த அந்த வகுப்பறைக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிட்டாள். ஃபென்சிங்கைப் போட வேண்டுமே. திரையைத் திறந்து பதிவுகளின் பட்டியலைப் பார்த்தாள். பதினான்கு பெயர்கள் இருந்தன. ஆனால் சிலவற்றின் அளவு கோணல்மாணலாக இருந்தது. முதல் பதிவுக்கு நேரே வெறும் பூஜ்யம்.

சர்வர்கள் தாமே எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் புரட்டிப் பார்த்ததில் நடந்தது புரிந்தது. மதியம் இரண்டு பத்துக்கு இரு சர்வர்களுக்கும் நடுவே இணைப்பு நாற்பது நொடி அறுந்திருக்கிறது. இரண்டுமே உயிரோடுதான் இருந்தன. இரண்டுமே 'மற்றது செத்துவிட்டது' என்று முடிவு கட்டின. சட்டையைப் பிடித்து இறக்க ஆளில்லை. இரண்டும் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரே டிஸ்க்கில் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தள்ளியிருக்கின்றன. இன்னமும் எழுதிக்கொண்டிருந்தன.

ஏதாவது செய்தாக வேண்டும் என்று கீபோர்டில் விரல் வைத்தாள்.

"கைய எடு" என்றார் பின்னால் வந்து நின்ற மேடம். "ரெண்டையும் நிறுத்து. அப்புறம் டிஸ்க்க அப்படியே ஒரு பிரதி எடு. பிரதியிலதான் ரிப்பேர். அசலத் தொடாத."

"மேடம், இதுல டிரைவர் சாரோட..."

"தெரியும். அழுறதுன்னா பிரதி ஓடுற நேரத்துல அழு. பத்து நிமிஷம் ஆகும்."

அவள் அழவில்லை. பத்து நிமிடமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு டிரைவர் வந்தார். கையில் இரண்டு கப் காபி.

"என்ன நோட்டு, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?"

இணைப்பு அறுந்தது, கிளவுட் கம்பெனி, நாற்பது நொடி என்று சுற்றி வளைத்துச் சொல்ல வழி இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு, "சார், நான் ஃபென்சிங்க அணைச்சுட்டு மறந்துட்டேன். அதுல பதிவெல்லாம் கெட்டுப்போச்சு. உங்கள ஃபோன்ல அழிக்கச் சொன்னதும் நான்தான்" என்றாள்.

அவர் காபியை மேசைமேல் வைத்தார். ஒன்றை அவள் பக்கம் நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

ரிப்பேர் முடிந்தபோது ஆறரை. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார்கள். பால் அடுப்பில் இருந்தது. மாமியார் ஆறு நிமிடமும் வந்தார், நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் ஒரு கீச்சுச் சத்தம். பதிமூன்று தேறின. முதலாவதைத் திறந்தால், குரல் இருக்க வேண்டிய இடத்தில் யார் எந்த நேரத்தில் எந்தப் பதிவைக் கேட்டார்கள் என்று சர்வர் கிறுக்கிய வரிகள்தான் இருந்தன. மேடம் இன்னும் இரண்டு விதமாக முயன்று பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது வராதுங்க" என்றார்.

"பதிமூணு இருக்குல்ல. அதுவே எதேஷ்டம்" என்று டிரைவர் எழுந்தார். முகம் கழுவப் போனவர் திரும்பி வர வெகு நேரமாயிற்று.

வந்ததும் அவள், "சார், நானும் உங்க வீட்டுக்கு வர்றேன். அவங்ககிட்ட நானே சொல்லணும்" என்றாள்.

"எதுக்கும்மா? அவ வாயில விழுறதுக்கா?"

"ஆமா சார்."

வீடு மூன்றாவது மாடியில். முன்னறை முழுக்கத் தையல் மிஷினும், பாதி தைத்த திரைச்சீலைகளும். டிரைவரின் மனைவி ஒல்லியாக, கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மிஷின்முன் உட்கார்ந்திருந்தார். குரல் ஏற்கெனவே கரகரத்து, சல்லடையில் மணல் சலிக்கிற மாதிரி இருந்தது.

"இதான் அந்த நோட்டுப் பொண்ணா? உக்காரு கண்ணு. அந்தத் துணியத் தள்ளிட்டு உக்காரு."

அவள் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார்.

"எது போச்சு?"

"மொதல்ல எடுத்தது."

"மாமியார் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அதானே. அவங்க எதுக்கு அசைவாங்க."

நோட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. டிரைவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்பவே இன்னொரு தடவ சொல்லிடறீங்களா அக்கா? என் ஃபோன்ல எடுத்துக்கறேன். நாளைக்கு நீங்க அட்மிட் ஆயிடுவீங்களே" என்றாள் அவள்.

"டாக்டரு ரொம்பப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. இவரத் திட்டறதுக்கே கோட்டா பத்தல." அந்த அம்மாள் இருமினார். தண்ணீர் ஒரு மிடறு குடித்தார். "ஏங்க, கீழ போயி கறுப்பு நூல்கண்டு ரெண்டு வாங்கிட்டு வாங்க. கடை சாத்திடப் போறான்."

"இப்பவா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்கு நூல்கண்டு எதுக்கு?"

"போங்கன்னா போங்களேன்."

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும், அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"போனது போகட்டும் கண்ணு. அது சரியே இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, நல்லா முழிச்சிருந்த மனுஷன் கண்ண மூடிப் படுத்துகிட்டு, ஃபோன நெஞ்சு மேல வெச்சுகிட்டு, 'எழுப்பு எழுப்பு'ன்னாரு. நானும் சும்மா ரெண்டு வார்த்த சொன்னேன். நாடகம் மாதிரி இருந்துச்சு. அவருக்கே தெரியும், சொல்லிக்கல."

"அப்ப இப்பவும்..."

"இப்பச் சொன்னாலும் நாடகம்தான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆறு மணிக்குக் கெளம்பணும். அஞ்சு மணிக்கு நான் அவர நெசமாவே எழுப்பணும்." கொஞ்சம் நிறுத்தினார். "கடைசியா ஒரு தடவ. அத நீ வந்து பிடிச்சுக்க."

நோட்டுக்குப் பயம்தான் முதலில் வந்தது. "நான் சொதப்பிட்டேன்னா? ஏற்கெனவே ஒரு தடவ... ஃபோன்ல ஒரு பட்டன்தானே அக்கா, நீங்களே அமுக்கிக்கலாமே?"

"எனக்கு ரெண்டு கையும் வேணும்டி. ஒரு கையால போர்வையப் பிடுங்கணும், ஒரு கையால உலுக்கணும். நீ அந்த மனுஷன் தூங்கிப் பாத்ததில்ல." அவள் கையை ஒருமுறை அழுத்தினார். "செஞ்ச தப்ப மறைக்காம வந்து சொன்னியே, அந்தக் கை சொதப்பாது. கதவத் தாழ் போடாம, சாத்தி மட்டும் வெக்கிறேன். அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா ராத்திரி பூரா முழிச்சுகிட்டுக் கெடப்பாரு."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டிரைவர் மூச்சு வாங்க உள்ளே வந்து நூல்கண்டுகளை நீட்டினார். "கறுப்பு தீந்துபோச்சாம். நீலம்தான் கிடைச்சுது."

"இருபத்தேழு வருஷம்" என்றார் அந்த அம்மாள் அவளைப் பார்த்து, கண்ணாலேயே சிரித்து.

அன்று அவள் கோடு போட ஸ்கேலைத் தேடவில்லை.

"மார்ச் 12, புதன். ஃபென்சிங் இல்லாமல் டிஸ்க் கெட்டது என் தவறு. சர்வர் இரண்டு இருந்தால் பிரதி இரண்டு என்று நினைத்தது அதைவிடப் பெரிய தவறு. பதிமூன்று பதிவுகள் கிடைத்தன. ஒன்று கிடைக்கவில்லை.

நாளை: காலை நாலே முக்காலுக்கு அவர்கள் வீடு. நடந்தால் இருபத்தைந்து நிமிடம். பெல் அடிக்கக் கூடாது, செருப்பை வெளியே விட வேண்டும். ஃபோனில் இடம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பு பார்ப்பது. அவர் எழுந்து உட்காரும் வரை பதிவை நிறுத்தக் கூடாது. அங்கேயே நின்று மூன்று தனித்தனி இடங்களில் பிரதி எடுத்து, மூன்றையும் போட்டுக் கேட்பது. அப்புறம் கடைக்கு."