ஒரே கணினியில் இரண்டு பைத்தான்

எங்கள் ஆபீஸ் கணினியில், புரோகிராம் எழுதும் மொழியான பைத்தானின் பழைய இரண்டாம் பதிப்பும் இருந்தது, புதிய மூன்றாம் பதிப்பும் இருந்தது. மருந்துக் கிடங்கின் இருப்பைச் சொல்லும் புரோகிராம் மட்டும் இரண்டில்தான் ஓடும், மற்றதெல்லாம் மூன்றில். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் வழி செய்து வைத்தவள் நான். எந்தப் பைத்தான் வேண்டுமென்று ஒரே ஒரு வரி எழுதிய சின்ன ஃபைலை அந்த ஃபோல்டருக்குள் வைத்தால் போதும். சாதாரணமாக அது யார் கண்ணிலும் படாது. பக்கத்து நாற்காலிக்காரரான என் வீட்டுக்காரருக்கு இதை ஊட்டிவிடாத குறையாகச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

கிடங்கு புரோகிராமை மூன்றுக்கு மாற்றுகிறவர்தான் அடுத்த டீம் லீடர் என்றார் மேனேஜர். ஏழு வருஷமாக நான் காத்துக்கிடந்த பதவி. நூற்றுக்கணக்கான இடங்களில் கை வைக்க வேண்டும் என்பதால் மூன்று மாதம் கேட்டேன்.

மூன்றாவது வாரமே மீட்டிங்கில் என் வீட்டுக்காரர் எழுந்து, தானே எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில் இருக்கிறோம், என்னிடம் மூச்சு விடவில்லை. பெரிய திரையில் புரோகிராம் ஜோராக ஓடியது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அவரைத் தவிர.

திரையின் அடியில் மருந்துப் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு சின்ன 'யு' எழுத்து. பழைய பைத்தான்தான் அப்படிக் காட்டும். மனுஷர் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. பழைய பைத்தானைக் கேட்கும் என் ஒரு வரி ஃபைலை உள்ளே வைத்துவிட்டு மார்தட்டிக்கொண்டு நிற்கிறார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தப் பழசு இனிமே எதுக்கு? இப்பவே தூக்கிடுங்கம்மா."

அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே என்று இழுத்தார் என் வீட்டுக்காரர். வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொள்ளப் பத்து நிமிஷம்கூட ஆகாது என்று எனக்குத் தெரியும். அழித்தேன்.

"இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க" என்றேன்.

இந்தக் கணினியில் பைத்தான் இரண்டாம் பதிப்பு இல்லை என்று திரை சொன்னது. மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். எழுந்து வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்பார் என்றுதான் நின்றேன். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் இருந்தது கோபம்.

"உனக்குத் தெரிஞ்சாலும் நீ என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்னு நம்பித்தானே இதைப் பண்ணேன்" என்றார்.