தெரியாமல் இருந்த வரைக்கும்

பேசாமல் இருப்பது எப்படி என்று என் வீட்டுக்காரர் குழாயடியில் நின்று தெருவுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அதற்கு முந்தின நாள் வக்கீல் சின்னச்சாமியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் பேர் சொல்லு, தகப்பன் பேர் சொல்லு, குடியிருக்கிற தெருவைச் சொல்லு, மற்ற எதைக் கேட்டாலும் வாயைத் திறக்காதே. உனக்கு எதிராக உன்னையே சாட்சி சொல்ல வைக்க எந்தக் கொம்பனுக்கும் அதிகாரம் கிடையாது, அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. டீக்கடையில் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார், தண்ணீர் பிடிக்க வந்த பெண்களைக்கூட விடவில்லை. பேசாமல் இருக்கிற உரிமையைப் பற்றி இப்படி ஓயாமல் பேசிய மனுஷன் அருப்புக்கோட்டையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். திம்மையாவுக்குத் தூக்கத்திலும் வாய் ஓயாது என்று என் மாமனாரே சொல்வார். இந்த வாயை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன செய்யப்போகிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. நூல் விலை ஏறிக்கொண்டே போய், நெய்கிற கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. எங்கள் தெருவில் எல்லோரும் தறியை நிறுத்திவிட்டார்கள். வேலைநிறுத்தக் கமிட்டியில் இவரும் ஒருவர். பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் இவரை விட்டால் யார்? நூல் வியாபாரி வேங்கடபதிக்குப் பாளையம்பட்டி போகிற வழியில் ஒரு குடோன் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அது எரிந்தது. நூல் எரிந்ததோடு போயிருந்தால் வேங்கடபதி மட்டும் அழுதிருப்பார். உள்ளே படுத்திருந்த வயசான காவல்காரருக்கு முதுகெல்லாம் வெந்து, மதுரை பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அவர் பெண்சாதி பஞ்சம்மாள் எங்கள் தெருவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற வருகிறவள். அவள் முகத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பிழைத்தால் ஒரு கேசு, பிழைக்காவிட்டால் வேறு கேசு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலத்திலிருந்து என் தம்பி பாலையாவைக் காணோம். அவன் குடோன் பக்கமிருந்து ஓடுவதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் இரண்டு பேர். தீ வைத்துவிட்டு ஓடினானா, தீயைப் பார்த்துப் பயந்து ஓடினானா என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் கோபக்காரன். ஒரு தட்டு விழுந்தாலும் திடுக்கிடுகிறவனும் அவன்தான். எங்கள் அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை; என் இடுப்பிலேயே வளர்ந்தவன். எனக்குப் பிள்ளை இல்லை. அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அவனை எங்கேயோ அனுப்பி வைத்தது என் வீட்டுக்காரர்தான். எங்கே என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் இருப்பதுதான் உனக்கு நல்லது என்றார். உலகத்துக் கதையெல்லாம் சொல்கிற வாய் இதை மட்டும் சொல்லாதா என்று சண்டை போட்டேன், தலையால் அடித்துக்கொண்டேன். மனுஷன் அசையவில்லை. உயிரோடு இருக்கிறானா, அதையாவது சொல்லுங்கள் என்று காலைப் பிடித்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டேஷனிலும் அப்படித்தான் இருந்திருக்கிறார். அதை நான் நம்பவேயில்லை. உள்ளே போய் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். பேர், தகப்பன் பேர், தெரு. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லையாம். "மத்தது எங்க வக்கீலு வரட்டும்யா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம், அதற்கு எஸ்.ஐ. விட்ட அறையில் கடைவாய்ப் பல் ஆடிப்போனதாம். ஒரு நாளைக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் இருப்பதாக வக்கீல் சொன்னார். பிடித்த தேதி என்று போலீஸ் என்றைக்கு எழுதுகிறதோ, அன்றிலிருந்துதானே அந்த ஒரு நாள் கணக்கு. தெருவில் இவருக்குத் திடீரென்று மரியாதை கூடியது. திம்மையாவா இப்படி என்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பெருமையும் பயமும் சேர்ந்து வந்தால் அழுகைதான் வரும் போலிருக்கிறது.

சோறு கொடுக்க விடுகிறார்கள் என்று தெரிந்ததும் தூக்குவாளியில் கம்மஞ்சோறும் மோரும் எடுத்துக்கொண்டு போனேன். எஸ்.ஐ. திருச்சுழிப் பக்கம் போயிருந்தார். மேஜைக்குப் பின்னால் சாலமோன் ஏட்டு உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, சட்டைக்கு வெளியே தெரிகிற கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. நம்ம ஊர்க்காரர்தான், ஞாயிற்றுக்கிழமை பெண்சாதி எலிசபெத்தோடு சர்ச்சுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். தலையை நிமிர்த்தாமலே உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் நாற்காலிக்கும் லாக்கப் கம்பிக்கும் இடையே ஒரு பாய் விரிக்கிற தூரம்தான்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வெளியே தமிழ், வீட்டுக்குள் கன்னடம். எந்தக் காலத்தில் எந்த ராஜாவுக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தார்களோ, பாஷையை மட்டும் விடவில்லை. வெளி ஆட்கள் இருக்கிற இடத்தில் அதைப் பேசுவது எங்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி. ஜவுளிக்கடையில் கடைக்காரர் முன்னாலேயே அவர் சொல்கிற விலை கொள்ளையா இல்லையா என்று கன்னடத்தில் பேசி முடிவு செய்வோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளின் கொண்டையைப் பற்றிப் பேசுவோம். மாட்டிக்கொண்டதே கிடையாது. அதனால் அது கதவுதான், வெறும் பேச்சு இல்லை என்று எங்களுக்குள் ஊறிப்போயிருந்தது.

கம்பிக்குள் இவரைப் பார்த்தேன். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கன்னடத்தில், சாப்பிடுங்கள் என்றேன், அவ்வளவுதான். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அடிக்கும் மிரட்டலுக்கும் திறக்காத வாய் அதற்குத் திறந்துவிட்டது. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பாஷையில், வீட்டுக்குள் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"அழாத. தம்பி நல்லாத்தான் இருக்கான். நரிக்குடியில இருளப்பசாமியோட ஆட்டுக்கிடையில இருக்கான். கெடாய்களோட கெடாயா படுத்துக் கெடக்கான். நீ பயப்படாத."

நான் அழுகையை நிறுத்தினேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சுக்குள் மூச்சு முழுசாக இறங்கியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆடு மேய்க்கிறானா எங்கள் பாலையா என்று சிரிப்புக்கூட வரப் பார்த்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. சத்தம் போட்ட குரல் இல்லை. எழுதுகிற கை நிற்காமல், தலை நிமிராமல், சாலமோன் ஏட்டு கன்னடத்தில் சொன்னார்:

"பேச்ச விட்டுட்டுச் சாப்பிடச் சொல்லு தாயி. சோறு ஊறிப்போயிரும்."

நல்ல கன்னடம். எங்கள் கன்னடம் இல்லை. கொள்ளேகாலப் பக்கத்து இழுவை. என் சின்னம்மா வீட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மருமகள் வந்திருக்கிறாள், அவள் இப்படித்தான் பேசுவாள். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. கம்பியைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. அடி வாங்கும்போது எப்படி இருந்தாரோ எனக்குத் தெரியாது, இதைவிட மோசமாக இருந்திருக்க முடியாது. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு ஏட்டு மேஜையைத் தாண்டி வெளியே வந்தேன். அவர் அப்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். எதை எழுதினாரோ.

நேரே வக்கீல் வீட்டுக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், உன் வீட்டுக்காரர் பிரமாதம் என்று ஆரம்பித்தார். நான் நடந்ததைச் சொல்லவில்லை. போலீஸ் என்னைக் கேட்டால் நானும் பேசாமல் இருக்கலாமா என்று மட்டும் கேட்டேன். வக்கீல் பேப்பரை மடித்தார். பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது, புதுச் சட்டம் வந்திருக்கிறது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்றார். கேட்டால் என்றேன். அவர் யோசித்தார். அந்த உரிமை, தன்மேல் குற்றம் வருகிற கேள்விக்குத்தான். நீ சாட்சிதானே, உனக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும் என்றார்.

"தெரியலன்னா?"

"தெரியலன்னு சொல்லு. அதுல ஒண்ணும் தப்பில்ல."

"தெரிஞ்சிருந்து தெரியலன்னு சொன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்து முடிக்கிற வரை என்னைப் பார்க்கவில்லை. பிறகு, "இத நீ எங்கிட்டக் கேக்கல. நானும் காதுல வாங்கல. வீட்டுக்குப் போம்மா" என்றார்.

நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பேசாமல் இருக்கிற சட்டம் இவருக்கு இருந்தது. தெரியாது என்று சொல்கிற உண்மை எனக்கு இருந்தது. நான் அழுகிறேனே என்று இரக்கப்பட்டு, அந்த உண்மையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். அவர்மேல் கோபம் வந்தது. அந்த வீங்கின கன்னத்தை நினைத்ததும் கோபம் தங்கவில்லை. கோபப்படக்கூட விடாத மனுஷன்.

பஸ் ஏறி நரிக்குடிக்குப் போய் அவனை வேறு எங்காவது விரட்டிவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டு எதிரே டீக்கடை பெஞ்சில் கைலி கட்டிய ஓர் ஆள் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டையான முடிவெட்டும், மெருகு போட்ட கறுப்பு பூட்ஸும். கைலிக்கு பூட்ஸ் போடுகிறவனை வேறு யாராக நினைப்பது? ஏட்டு சொல்லித்தான் வந்திருக்கிறானா, முன்பே இருந்தவனை நான்தான் கவனிக்கவில்லையா என்று புரியவில்லை. நான் பஸ் ஏறினால் அவனும் ஏறுவான். வீட்டுக்குள் போய்த் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்தேன். தெரியாது, தெரியாது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முதலில் தடுமாறியது, சொல்லச் சொல்லப் பழகிவிட்டது.

மறுநாள் காலையில் வந்தார்கள். எஸ்.ஐ. முன்னால், சாலமோன் ஏட்டு பின்னால். எஸ்.ஐ. ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏட்டு தறிக்கால் பக்கத்தில் நின்றார். தறிகள் ஓடாத தெரு, அதனால் வாசலில் கூடியவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. எஸ்.ஐ. மரியாதையாகவே பேசினார். காவல்காரர் நிலைமை மோசம், விடியற்காலையில் போன் வந்தது, பஞ்சம்மாளை மதுரைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கிழவருக்காக நான் அழுதால் அது நடிப்பாகத்தான் தெரியும்.

"ஒன் தம்பி எங்கம்மா?"

பழகி வைத்திருந்த சொல் நாக்கு நுனி வரை வந்தது. நிமிர்ந்தேன். ஏட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்று தெரிந்த ஒரு மனுஷன் எதிரில் நிற்கும்போது எப்படித் தெரியாது என்று சொல்வது? அவர் அந்த இடத்திலேயே, பொய் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டால்? சொல்லாவிட்டாலும், அந்தப் பொய்யை அவரும் சேர்ந்து சுமக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. எஸ்.ஐ. மறுபடி கேட்டார். நான் பேசவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது குரல் மாறியிருந்தது.

"புருசன் படிச்ச பாடம் பொண்டாட்டிக்கும் வந்திருச்சா? அந்தச் சட்டம் ஒனக்குக் கெடையாதும்மா. சொல்லலன்னா மறச்சதுக்கு ஒம் மேலயே கேசு வரும்."

வரட்டும் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. கேசு வந்தால் எனக்கும் அந்த உரிமை வந்துவிடுமே என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

எஸ்.ஐ. என்னை விட்டுவிட்டு மெல்லத் திரும்பினார்.

"ஏட்டு, நேத்து இந்தம்மா சோறு கொண்டாந்தப்ப புருசனும் பொண்டாட்டியும் அவுக பாஷையில பேசிக்கிட்டாகளாமே. வாசல்ல பாரா நின்ன பய சொல்றான். கொள்ளேகாலம் நம்ம மாகாணத்தோட இருந்தப்ப நீ அங்கதான வேலை பாத்த? என்ன பேசுனாக?"

சாலமோன் ஏட்டு கையிலிருந்த பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். கழுத்தைத் தடவிக்கொண்டார். அவருக்கும் பெண்சாதி இருக்கிறாள், ரிட்டையர் ஆக அதிக காலம் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு எந்தச் சட்டமும் கிடையாது. இதெல்லாம் எனக்கு அந்த ஒரு நொடியில் ஓடியது. அவர் எஸ்.ஐ.யைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில், "தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

உள்ளே போனேன். பானை மூடியைச் சத்தம் வராமல் எடுத்துக் கீழே வைத்தேன். செம்பை முக்கினேன், நிறைந்துவிட்டது. வெளியே தூக்கினால் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தில் ஏட்டு சொல்வது கேட்காமல் போய்விடும் என்று, முழங்கை வரை பானைக்குள் விட்டபடியே நின்றேன். கை குளிர்ந்து மரத்துக்கொண்டே வந்தது. முன்னறையிலிருந்து இன்னும் ஒரு சத்தமும் வரவில்லை.