ஐந்தாவது துளை

வரைபடத்தில் ஐந்து துளைகள் இருந்தன. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

"நாலு போல்ட்டுக்கு எதுக்குடா அஞ்சு ஓட்டை?"

என் மனைவியின் தம்பி கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. சக்கர நாற்காலிகளும் மருத்துவமனைக் கட்டில்களும் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில் வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் என் வேலை, ஆர்டர் பிடிப்பது அவன் வேலை. மூன்று மாதமாக அவன் ஆட்களோடு பேசுவதைவிட ஏஐயோடு பேசுவதுதான் அதிகம். புதிதாக என்ன கண்டுபிடிக்கலாம் என்று கேட்பான். அது பத்துச் சொல்லும். ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவான். தானாக மடியும் ஊன்றுகோல், பாட்டுப் பாடும் கட்டில். நானும் சிரித்துவைப்பேன். இன்றைக்குக் கொண்டுவந்தது முழங்கையால் அழுத்தினால் இரண்டு சக்கரங்களையும் ஒருசேரப் பூட்டும் பிரேக்.

"அதையும் கேட்டேன் மாமா. எடையக் குறைக்கிறதுக்காம். என்னமா யோசிக்குது பாருங்க."

எனக்குத் தெரிந்து அப்படி ஒரு பிரேக் ஒரே இடத்தில்தான் இருந்தது. விரல்கள் மடங்காத என் மனைவியின் நாற்காலியில். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கட்டில் தகட்டை வெட்டி நான் செய்தது. அவசரத்தில் அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்து ஒரு துளையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டேன். வேறு தகடு இல்லாததால் அப்படியே விட்டேன். இப்போது அந்தத் தவறுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அதுவும் அச்சில்.

"நீ அதுக்கு ஏதாவது ஃபோட்டோ காட்டினியா?"

"எந்த ஃபோட்டோ?" எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான். "உலகத்துல இருக்கிறதெல்லாம் படிச்சிருக்கு மாமா. உங்க மண்டையில வர்றது அதுக்கு வராதா?"

வரலாம். ஒரே யோசனை இரண்டு இடத்தில் தோன்றும். ஒரே தவறுமா?

காப்புரிமை விண்ணப்பத்தை என் முன் வைத்தான். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவன் பெயர். கீழே, சாட்சிக்கான கட்டம் மட்டும் காலி.

"நாளைக்கு அனுப்பணும். ஒரு கையெழுத்துதானே."

கையெல்லாம் கிரீஸ், கழுவிவிட்டுப் போடுகிறேன் என்றேன். கழுவிய பிறகும் போடவில்லை. தாளை மடிக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தாளைத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியின் பக்கத்தில் குந்தித் தகட்டைப் பார்த்தேன்.

"நான் இல்லாதப்ப உன் தம்பி வந்தானா?"

"அக்கா வீட்டுக்கு வர உங்ககிட்ட சீட்டு வாங்கணுமா?" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இத ஃபோட்டோ எடுத்தானா?"

பதினெட்டு வருடத்தில் அவளுடைய மௌனங்களைப் பிரித்தறியப் பழகியிருக்கிறேன். மறந்ததைத் தேடும்போது ஒரு மாதிரி, கோபத்தில் ஒரு மாதிரி. இது இரண்டிலும் சேரவில்லை. தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டு, பேசி முடித்து, கிளம்பியும் போனார்கள்.

"அவன் தொட்டது எதுவும் இதுவரைக்கும் தேறலைங்க" என்றாள் கடைசியில். "இது ஒண்ணாவது அவன் பேர்ல இருக்கட்டுமே. உங்களுக்குத்தான் கை இருக்கே, இன்னொண்ணு செஞ்சுக்கலாம்."

முழங்கையால் பிரேக்கை விடுவித்து, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி பூட்டினாள். நான் செய்த பிரேக்கின் சத்தம்தான் அது. சாயும் வெயில் ஐந்தாவது துளைக்குள் நுழைந்து, தரையில் கிடந்த தாளின் மேல் ஒரு பொட்டாக விழுந்தது.