ஏழாம் எண் வீட்டில் தங்கியிருப்போர்

கடற்கரை ஊரான ஸ்கார்ன்பியில் கோடை பிறந்துவிட்டதா என்று யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, ஹெரால்ட் பத்திரிகையைத்தான் பார்ப்பார்கள். சனிக்கிழமை ஹெரால்டில் பட்டியல் வந்துவிட்டால் கோடை வந்துவிட்டது. எந்தத் தெருவில், எந்த எண் வீட்டில், எந்த ஊர்ப் பெரிய மனிதர் அறை எடுத்திருக்கிறார் என்று இரண்டு முழுப் பக்கத்துக்குப் பொடி எழுத்தில் நெருக்கி அடித்திருப்பார்கள். பிரஷ்யாக்காரன் யாரோடு சண்டைக்குப் போனான் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஊரில் அந்தப் பக்கம் வரை புரட்டியவர்கள் குறைவு.

தபித்தா கார்பட் பாறைத்தெரு ஏழாம் எண் வீட்டுக்காரி. மீன்பிடிக்கப் போன கணவன் படகோடு போய்ச் சேர்ந்ததிலிருந்து மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுத்தான் பிழைப்பு. எதிரே எட்டாம் எண்ணில் ஒம்ப்ளர் அம்மாள், அவளுக்கும் அதே தொழில். அந்த ஜூலையில் எட்டாம் எண்ணுக்குக் கீழே ஒரு கர்னல், அவர் மனைவி, பெரிய கோயில் பாதிரியார் ஒருவர், சர் பட்டம் வாங்கியவரின் தங்கைகள் இருவர் என்று ஐந்து வரி ஓடியது. ஏழாம் எண்ணுக்குக் கீழே லீட்ஸிலிருந்து வந்த வங்கிக் குமாஸ்தா ஒருவர் மட்டும். அவருக்கும் இருமல்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒம்ப்ளர் அம்மாள் நாலு பேர் கேட்க விசாரித்தாள். “என்ன கார்பட், இந்த வாரமும் அந்தக் குமாஸ்தாதானா? பாவம், பட்டியல்ல தனியா இருமிக்கிட்டு இருக்காரு.”

தபித்தா சிரித்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் ஆறு வயது மகளோடும் பெரிய தோல் பெட்டியோடும் வந்து அறை கேட்டாள். பெயர் திருமதி வெப் என்றாள். அறையில் குறை சொல்லவில்லை, சாப்பாட்டில் நிபந்தனை வைக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள், பத்திரிகைப் பட்டியலில் தங்கள் பெயர் வரக்கூடாது என்று. தபித்தா தாராளமாகத் தலையாட்டினாள். வெப் என்ற பெயரைப் போட்டு எந்தக் கர்னலை ஜெயிப்பது?

வியாழன் காலை படுக்கை விரிப்பை மாற்றப் போனவள், திறந்து கிடந்த பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருந்த அச்சுச் சீட்டைப் பார்த்தாள். திருமதி ஜோசயா லிண்ட்லி, ரூக்ஃபீல்ட் மாளிகை, ஹாலிஃபாக்ஸ். யார்க்‌ஷயரில் கம்பளிப் பாவாடை கட்டிய எந்தப் பெண்ணுக்கும் லிண்ட்லி ஆலையைத் தெரியும். தபித்தாவின் கை விரிப்போடு அப்படியே நின்றது.

பணக்காரப் பெண்கள் தொல்லை இல்லாமல் ஓய்வெடுக்க இப்படி வேறு பெயரில் வருவதுண்டு என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். இந்த ஊர்ப் பத்திரிகையை ஹாலிஃபாக்ஸில் யார் படிக்கப் போகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டாள். கோடைக்கு இங்கே வரத் திட்டமிடுகிற ஒவ்வொரு குடும்பமும் படிக்கும், அந்த ஊர் மன்றங்களில் இந்தப் பட்டியலுக்காகவே ஹெரால்ட் வரவழைக்கிறார்கள். அது பத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு வழக்கம்போல ஹெரால்டின் பெயர் சேகரிப்பவர் பிக்கர்ஸ்கில் வந்தார். வாராவாரம் வீடு வீடாகப் போய், வந்தவர் பெயரைச் சேர்த்து, போனவர் பெயரை அடித்துக்கொண்டு போவது அவர் வேலை. வீட்டுக்காரர்கள் சொல்வதுதான் கணக்கு, அவர் மாடியேறிப் பார்ப்பதில்லை. தபித்தா குரலைத் தாழ்த்திப் பெயரைச் சொன்னாள். பிக்கர்ஸ்கில் பென்சிலை நாக்கில் தொட்டபடி நிமிர்ந்து, மில் லிண்ட்லியா என்று கேட்டார். அவர்களேதான் என்றாள்.

சனிக்கிழமை ஹெரால்டில் பட்டியலுக்கு மேலேயே தனிப் பத்தி. ஹாலிஃபாக்ஸ் ஆலை அதிபரின் துணைவியாரும் செல்வ மகளும் பாறைத்தெரு ஏழாம் எண் இல்லத்தில் தங்கிக் கடற்காற்று வாங்குவதாக ஆசிரியர் உருகி எழுதியிருந்தார். இறைச்சிக் கடையில் ஒம்ப்ளர் அம்மாள் இவளைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை ருசித்துக்கொண்டே தபித்தா வீட்டுக்கு நடந்தாள்.

சமையலறையில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ரொட்டிக் கடையில் கிடைத்த ஹெரால்ட் கையில் இருந்தது.

“நான் உங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு.”

கத்தியிருந்தால் தபித்தாவும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பாள். அந்தப் பெண்ணோ உட்கார்ந்து, மேஜையைப் பார்த்தபடி, நடந்ததைச் சொன்னாள். ஏழு வயதானதும் மகன் எட்மண்டைக் கணவர் தூரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். மூன்று வருஷத்தில் அவனை அவள் பார்த்தது இரண்டு தடவை. அடுத்த மாதம் மகள் லெட்டிக்கு ஏழு வயது. அவளைத் தன் அக்காள் வீட்டில் வளர்க்கப் போவதாகவும், தாயின் கொஞ்சல் குழந்தைகளைக் கெடுப்பதாகவும் அவர் முடிவு செய்துவிட்டார். பிள்ளைகள் தகப்பனுக்குச் சொந்தம் என்கிறது சட்டம். கனடாவில் அவளுக்கு அண்ணன் இருக்கிறான். வரும் வியாழன் நண்பகலில் லிவர்பூலிலிருந்து கப்பல். லிவர்பூல் மேற்குக் கரை என்பதால் யாரும் தேடாத கிழக்குக் கரைக்கு வந்து அவள் நாள் கடத்திக்கொண்டிருந்தாள்.

தபித்தாவுக்குக் காது இரண்டும் எரிந்தன. வெட்கம் என்றால் சாதாரண வெட்கமில்லை. ஹெரால்ட் அலுவலகத்துக்கு ஓடி மறுப்பு போடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அடுத்த இதழ் வர ஒரு வாரம் ஆகும் என்பதை அந்தப் பெண்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

“இங்க இல்லைன்னு தெரிஞ்சா அவர் நேரா லிவர்பூலுக்குத்தான் போவாரு. வியாழன் மத்தியானம் வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்னு அவர் நம்பணும். உங்க இஷ்டத்துக்கு எங்களை இந்தப் பட்டியல்ல ஏத்தினீங்க. வியாழன் வரைக்கும் இறக்காம இருங்க.”

பெட்டியை, தன் துணிகளை, குழந்தையின் குளிர்காலக் கோட்டை எல்லாம் அப்படியே விட்டுவிட்டுக் கைப்பையோடு மாலை ரயிலுக்குத் தாயும் மகளும் பின்வாசல் வழியே போனார்கள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

செவ்வாய் நண்பகல் ஜோசயா லிண்ட்லி வந்தார். கோபக்காரரை எதிர்பார்த்திருந்தாள் தபித்தா. வந்தவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லி, என் மனைவியைப் பார்க்கலாமா என்று அமைதியாகக் கேட்டார். அந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது. தெரிந்த குடும்பத்தோடு குதிரை வண்டியில் மேட்டுக்காட்டுப் பண்ணைக்குப் போயிருக்கிறார்கள், குழந்தைக்குப் பால் ஒத்துக்கொண்டால் இரண்டொரு நாள் தங்கி வருவார்கள் என்று ஒப்பித்தாள். மேலே கூட்டிப் போய்ப் பெட்டியைக் காட்டினாள். அவர் மூடியைத் திறந்து சின்னக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி நேரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

தபித்தா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஏழாம் எண்ணுக்குள் பூனை நுழைந்தால்கூட ஒம்ப்ளர் அம்மாளுக்குத் தெரியும். சனிக்கிழமை ஸ்டேஷன் சாலையில் அவர்களை நேருக்கு நேர் கடந்து போனவளும் அவள்தான். பட்டியலில் வாங்கிய அடிக்குப் பழிதீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவளுக்குக் கிடைக்காது.

லிண்ட்லி திரும்பி வந்தார். பண்ணையிலிருந்து அவர்கள் வரும்வரை இங்கேயே தங்குவதாகச் சொன்னார்.

மாலை கொல்லைப்புறச் சந்தில் தபித்தா எதிர்வீட்டுக்காரியைப் பிடித்தாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

“பண்ணைக்கு வண்டியில போனது நிஜமான்னு கேட்டான். நேத்து அவங்க வண்டி ஏறினதை நானே பாத்தேன்னேன். குழந்தை வைக்கோல் தொப்பி போட்டிருந்துச்சுன்னு கூடச் சேத்துச் சொன்னேன்.”

“ஏங்க?”

“காசை நீட்டி, ‘ஏய் லாட்ஜிங்காரி’ன்னான். யாரை? கர்னலும் பாதிரியாரும் தங்கியிருக்கிற வீட்டுல நின்னுக்கிட்டு.” ஒம்ப்ளர் அம்மாள் ஏப்ரன் துணியை உதறினாள். “உனக்காகன்னு நெனச்சுக்காத கார்பட். உன் பத்தியைப் படிச்ச வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் ஆறல.”

புதன் காலையில் மழை பிடித்தது. மேட்டுக்காட்டுச் சாலை சேறாகிவிடும், வண்டி இறங்காது என்று சொல்ல வசதியாக இருந்தது. லிண்ட்லி பெட்டி இருந்த அறையிலேயே இருந்தார், சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டார், தட்டை எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் பண்ணையின் பெயரைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதே பெயரைச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் தபித்தா அதை அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். இருமல் குமாஸ்தாவைத் தினமும் விடியுமுன் குளிக்கக் கடலுக்கு அனுப்பிவைத்தாள், வாய் திறந்துவிடக் கூடாதே என்று.

வியாழன் காலை அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நாலு மணிக்குள் வரவில்லையென்றால் போலீசோடு பண்ணைக்குப் போவதாக. தபித்தா கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு சீவினாள். பன்னிரண்டு அடித்தது. கப்பல்கள் தாமதிப்பதுண்டு என்று நினைத்துக்கொண்டாள். ஒன்று அடித்தது. இரண்டு அடித்தது. பாத்திரத்தில் பத்துப் பேருக்குக் கிழங்கு இருந்தது.

மூன்று மணிக்குப் பிக்கர்ஸ்கில் கதவைத் தட்டினார். லிண்ட்லி கூடத்து நாற்காலியில்தான் இருந்தார். யாராவது புதிதாக வந்தார்களா, கிளம்பினார்களா என்று கேட்டுவிட்டு, லிண்ட்லி அம்மா இந்த வாரமும் உண்டுதானே, ஆசிரியர் ஆவலாக இருக்கிறார் என்றார் பிக்கர்ஸ்கில்.

“அவங்க போயிட்டாங்க.”

“எப்பங்க?”

“சனிக்கிழமை.”

நாற்காலி நகர்ந்தது. லிண்ட்லி எழுந்து கடிகாரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். லிவர்பூல் வழியாகத் துணி அனுப்புகிற மனிதர், எந்தக் கிழமை எந்தக் கப்பல் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடிகாரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். ஒரு கணம் தபித்தாவுக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது. மூன்று வருஷத்தில் இரண்டு தடவை என்பது ஞாபகம் வந்ததும் போய்விட்டது.

“ஹாலிஃபாக்ஸ்லேர்ந்து ஒரு மரியாதையான குடும்பமும் இனிமே இந்தப் படியை மிதிக்காது” என்றார் அவர், அதே அமைதியோடு. “அதுக்கு நான் பொறுப்பு.”

செய்யக்கூடியவர்தான். செய்யவும் செய்தார். தபித்தாவுக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் நின்று அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

“தெரியுங்க” என்றாள் அவரிடம். பிறகு பெயர் சேகரிப்பவர் பக்கம் திரும்பினாள். “நீங்க பேரை அடிங்க, பிக்கர்ஸ்கில்.”

பிக்கர்ஸ்கில் ஒன்றும் விளங்காமல் இருவரையும் பார்த்தார். பென்சிலை நாக்கில் தொட்டார். தாய் பெயரையும் மகள் பெயரையும் சேர்த்து ஒரே கோடாக அடித்தார்.