வக்தி இல்லாத கடை

வக்தி செத்துப்போய், துக்கமெல்லாம் முடிந்து, கடையைத் திறந்த அன்று உள்ளே வந்த யாரும் கண்ணாடி வாங்கவில்லை. அழுதுவிட்டுப் போனார்கள். மீன்கடைக்காரர் அழுதார். தபாலாபீஸ் அம்மாள் அழுதாள். டிராம் ஓட்டுகிற ஒருவர் வண்டியை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு ஓடிவந்து, கண்ணாடி மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு தேம்பினார். வெளியே ஜனங்கள் கத்துகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்து போனார்.

எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தவர் ரிஃபாத். செத்தவன் அவருடைய மனைவியின் தம்பி. கடையில் பாதி அவனுடையது. ஆனாலும் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிறமாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தது அவருக்கு, உடம்பு முழுக்க.

அலெக்ஸாண்ட்ரியாவில், இப்ராஹிமியா டிராம் நிறுத்தத்துக்கு எதிரே அந்தக் கடையை இரண்டு பேரும் சேர்ந்துதான் நடத்திவந்தார்கள். பின்னறையில் கண் பார்ப்பதும் லென்ஸ் தேய்ப்பதும் ரிஃபாத். முன்னால் நின்று பேசுவது வக்தி. ஜனங்கள் தன் லென்ஸுக்காகத்தான் வருகிறார்கள் என்பதில் ரிஃபாத்துக்குச் சந்தேகமே இருந்ததில்லை. "உன் தம்பி பேசறான். வேலை நான் செய்யறேன்" என்று வீட்டில் நாஹிதிடம் சொல்லுவார். அவளும் மறுத்துப் பேசியதில்லை.

அழ வந்தவர்கள் ஓய்ந்த பிறகு இன்ஸாஃப் டீச்சர் வந்தாள். அவளுக்கு நிஜமாகவே கண்ணாடி தேவைப்பட்டது. சிவப்பு ஃபிரேம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்றாள்.

"உங்க மூக்கு சப்பை. அது நிக்காது" என்றார் ரிஃபாத்.

டீச்சர் ஃபிரேமைக் கழற்றி மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் விஷயம் நாஹித் காதுக்கு வந்துவிட்டது.

"மூக்கு சப்பைன்னா சொன்னீங்க?"

"சப்பைதானே?"

"சப்பைதான். அது அவளுக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து அந்த மூக்கோடதானே இருக்கா! அதைச் சொல்ல நீங்க எதுக்கு?"

"பின்னே என்ன சொல்லணும்?"

நாஹித் வாயைத் திறந்தாள். தம்பி என்ன சொல்லியிருப்பான் என்று சொல்லத்தான் வந்தாள். சொல்லவில்லை. எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. ரிஃபாத் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்து வந்தவரிடம் எப்படியாவது சிரித்துப் பேசிவிடுவது என்று தீர்மானித்தார். வந்தது மீன்கடைக்காரர். வக்தி தினம் சொல்லுகிற ஒரு ஜோக் ரிஃபாத்துக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

"என்ன அண்ணே, பொண்டாட்டி முகம் தெரியறதுக்குக் கண்ணாடியா, தெரியாம இருக்கறதுக்கா?" என்றார்.

மீன்கடைக்காரர் அவரையே பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அது வக்தி பேச்சு. அதை நீ எதுக்குப்பா எடுக்கறே? செத்தவன் சட்டையை மறுநாளே எடுத்து மாட்டிக்கிட்டு வந்து நிக்கறமாதிரி இருக்கு."

அவரும் போய்விட்டார். மனசு வலிக்கும் என்று எதிர்பார்த்து ரிஃபாத் கொஞ்சநேரம் நின்றுபார்த்தார். வலிக்கவில்லை. துணியை எடுத்து ஏற்கனவே பளபளவென்று இருந்த மேஜையைத் துடைத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புதுக் கண்ணாடிக் கடை ஒன்று வந்தது. முன்னால் தஹானி என்று ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் சிரித்தால் டிராம் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் கதவைத் திறந்து வச்சிருக்கேன்" என்பாள் வருகிறவர்களிடம். எல்லோரிடமும் அதையேதான் சொன்னாள், எல்லோரும் நம்பினார்கள்.

ஒருநாள் ரொட்டிக்கடை வரிசையில் இன்ஸாஃப் டீச்சரைப் பார்த்தார் ரிஃபாத். சிவப்பு ஃபிரேம் போட்டிருந்தாள். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. லென்ஸின் நடு கண்ணுக்கு நேரே இல்லை, மூக்குப் பக்கம் நகர்ந்திருந்தது.

"டீச்சர், இதைப் போட்டா தலை வலிக்குமே."

"வலிக்குது."

"தப்பா வெட்டியிருக்காங்க. கொண்டாங்க, நான் மாத்தித் தரேன். காசு வேண்டாம்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒரு விரலால் மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"தலைவலிக்கு மாத்திரை இருக்கு ரிஃபாத். அந்தப் பொண்ணு என் பேரன் பேரைக் கேட்டுத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அவன் பரீட்சை எப்படி எழுதினான்னு விசாரிக்கறா. உங்க கடைக்கு எத்தனை வருஷமா வந்தேன்? எனக்குப் பேரன் இருக்கான்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவளுடைய இரண்டு கண்ணின் அளவும் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வசந்தத்தில் புதுக்கடை முதலாளியே அவரைத் தேடி வந்தார். தலைவலி என்று திரும்பி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். சண்டை போடுகிறவர் யாரும் இல்லை, தஹானி முகத்துக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள். அது எத்தனை நாளைக்கு என்று கேட்டார் முதலாளி.

"நீங்க எங்க பின்னறைக்கு வந்துடுங்க. கஸ்டமர்கிட்ட ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

"பேச வேண்டாமா?"

"தயவுசெஞ்சு பேசாதீங்க" என்றார் முதலாளி. கேலியாகச் சொல்லவில்லை.

நாஹிதிடம் சொன்னபோது, "போங்க" என்றாள். "தம்பி நின்ன கடையைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் போக எனக்கும் முடியலை." பழைய கடையின் பெயர்ப்பலகையை இறக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். நாஹித் வரவில்லை. ரிஃபாத் பக்கத்தில் நின்று, ஆணி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டினார்.

புது இடத்திலும் வேலை அதே வேலைதான். தலைவலிகள் நின்றன. ஜனங்கள் தஹானிக்கு நன்றி சொன்னார்கள், இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் பாதியைப் பின்னறைக்கு எடுத்து வருவாள். "உங்களுக்கு வரவேண்டியதுதான் அண்ணே, வழி தவறி என் கைக்கு வந்துடுச்சு."

ஒரு மதியம் கடையில் கூட்டமான கூட்டம். பெரிய குடும்பம் ஒன்று வந்து, ஒவ்வொருவரும் எல்லா ஃபிரேமையும் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் படியிறங்கியதும் தஹானி பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சாத்தியதுமே அவள் முகம் விழுந்துவிட்டது. கன்னம், வாய், கண் எல்லாம் தளர்ந்து, வேறு யாரோ வந்து நிற்கிறமாதிரி இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து அழுத்தினாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை அண்ணே. வாய் வலிக்குது. காலையிலேர்ந்து சிரிச்சுக்கிட்டிருக்கேன்." கண்ணை மூடிக்கொண்டாள். "கொஞ்சநேரம் இங்க நிக்கட்டுமா? உங்ககிட்ட சிரிக்க வேண்டியதில்லை."

வக்தியும் இப்படி வருவான். கூட்டம் போன பிறகு உள்ளே வந்து, ஒன்றும் பேசாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கையில் லென்ஸோடு ரிஃபாத் தலையைத் தூக்காமலே சொல்லுவார்: "இங்க என்னடா நிக்கறே? முன்னால ஆள் வரப்போகுது, போ." அவன் போய்விடுவான். அடுத்த நிமிஷம் வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ரிஃபாத் தஹானி பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். அவர் நின்றபடியே லென்ஸைத் தேய்த்தார். வெளியே கதவுமணி அடித்ததும் அவள் எழுந்து, கண்ணாடியில் முகத்தைச் சரிபார்த்துக்கொண்டு போனாள். "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான்..." என்று குரல் கேட்டது.

அன்று சாப்பிடும்போது நாஹிதிடம் கேட்டார்.

"வக்தி வீட்டுக்கு வந்தா எப்படி இருப்பான்?"

"எப்படின்னா?"

"பேசுவானா?"

"எங்கே பேசினான்? எங்க அம்மா வீட்டுக்கு வந்தா சோபாவுல படுத்துடுவான். டீ வேணுமான்னு கேட்டாக்கூடக் கையைத்தான் ஆட்டுவான். அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவாளே, எம்புள்ளை பேச்சையெல்லாம் கடையிலயே வித்துட்டு வந்துடறான்னு." நாஹித் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

இப்போதாவது அழுகை வரும் என்று தோன்றியது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. தொண்டையில் மட்டும் ஏதோ லேசாக அசைந்தது, அல்லது அது ரொட்டியாக இருக்கலாம். நாஹித் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரைக்குழம்பு ஊற்றினாள்.

"குழம்பு நல்லா இருக்கு" என்றார் ரிஃபாத்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் சந்தேகமாக.

"ஒண்ணும் வேண்டாம்."

அவள் உட்கார்ந்து தன் தட்டிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.